அரசியின் குயவர்

நாம் தேநீர் அருந்தும் கோப்பைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வியர்வையும் கண்ணீரும் இருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தேநீர்க் கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், கோப்பைகள், சாசர்கள் யாவும் ஒரே நிறத்தில் இணைந்து விளங்கும் 'டீ செட்'டை இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்த பெருமை ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் குயவருக்கு உண்டு.

அவர் 1730-ஆம் ஆண்டு ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள பர்ஸ்லெம் என்ற ஊரில், பரம்பரைக் குயவர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. அண்ணனின் தொழிற்கூடமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. சில ஆண்டுகளில் பெரியம்மை கண்டு பிழைத்தாராயினும் வலது முழங்கால் பலமிழந்தது. காலால் மிதித்துச் சக்கரம் சுழற்ற இயலாத குயவன் என்ன செய்வான்? சிறுவன் ஜோசையா சோர்ந்துவிடவில்லை. களிமண் வகைகளையும் மெருகுக் கலவைகளையும் ஆராயத் தொடங்கினார். செய்த சோதனை ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் குறித்து வைத்தார்.

அக்காலத்தில் தேயிலை சீனாவிலிருந்து வந்தது. மெல்லிய பீங்கானும் அங்கிருந்தே வந்தது. அதை வாங்கும் வசதி செல்வருக்கே இருந்தது. உள்நாட்டு மண்பாண்டங்களோ பெரும்பாலும் தடித்தும் நிறம் மங்கியும் இருந்தன. 1759-இல் சொந்தத் தொழில் தொடங்கிய வெட்ஜ்வுட், வெண்களிமண்ணுடன் சுட்டுப் பொடித்த சக்கிமுக்கிக் கல்லைச் சேர்த்துச் செய்யும் பாலேடு நிறப் பாண்டத்தைச் செம்மைப்படுத்தினார். அது இலேசானது, கொதிநீரையும் தாங்கியது, விலையும் குறைவு.

1765-இல் சார்லட் அரசியார் ஒரு தேநீர்ச் செட் வேண்டுமென்றார். பொன் வேலைப்பாடு மிகுந்த அதை ஏற்க மற்றக் குயவர்கள் தயங்கினர். வெட்ஜ்வுட் துணிந்து ஏற்று, செய்து முடித்தார். மறு ஆண்டே அரசியின் குயவர் என்னும் பட்டம் கிடைத்தது. பாலேடு நிறப் பாண்டத்துக்கு 'அரசி பாண்டம்' என்று பெயரிட்டார். அரசியார் மேசையில் இருப்பது தங்கள் மேசையிலும் வேண்டுமென்று மக்கள் விரும்பினர். 1774-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு இங்கிலாந்தின் காட்சிகள் தீட்டிய 952 உருப்படிகளை அனுப்பினார்.

புகழ் ஏறிய வேளையில் சோதனையும் வந்தது. 1768-இல் அந்தக் காலை வெட்டி எடுக்க நேர்ந்தது. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது! ஆயினும் அடுத்த ஆண்டே மரக்காலுடன் எட்ரூரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார். கரடுமுரடான சாலைகளில் பாண்டங்கள் உடைந்ததால் ட்ரெண்ட்–மெர்சி கால்வாய் வெட்ட முன்னின்று உழைத்தார். சூளையின் கடும் வெப்பத்தை அளக்க ஒரு கருவி கண்டதால், 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆனால் அந்த இனிய தேநீர் மேசையில் ஒரு பெருங்கசப்பும் இருந்தது. தேநீரில் கலந்த சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. சர்க்கரைக் கிண்ணம் விற்றுப் பொருளீட்டியவர் அதைக் காணாததுபோல் இருந்திருக்கலாம். வெட்ஜ்வுட் அப்படி இருக்கவில்லை. 1787-இல், விலங்கிட்ட கைகளை உயர்த்தி மண்டியிட்டு இறைஞ்சும் அடிமையின் உருவம் பொறித்த சிறு பதக்கங்களைத் தம் செலவில் செய்து பரப்பினார். பெண்கள் அவற்றைக் கைவளைகளிலும் கொண்டை ஊசிகளிலும் பதித்து அணிந்தனர். அழகுக்காக அணியும் நகை, அநீதியை எடுத்துச் சொல்லும் வாயாயிற்று.

1795-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அவர் காலமானார். பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது 1807-இல்தான். அதைக் காண அவர் இல்லை. அறிவியல் மேதை சார்லஸ் டார்வின் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

தோழியரே! ஊனமுற்ற கால் அவரது அறிவைத் தடுக்கவில்லை. குவிந்த செல்வம் அவரது இரக்கத்தை மறைக்கவில்லை. நம் கோப்பையில் இனிக்கும் ஒவ்வொன்றும் யாருடைய உழைப்பால் வந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமா?