உறைப்பை அளந்த மருந்தாளர்: வில்பர் ஸ்கோவில் (1865–1942)

மிளகாயின் உறைப்பைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் அலகு ஒரு மனிதரின் பெயரைக் கொண்டது. அவர் சமையற்காரரும் அல்லர், தோட்டக்காரரும் அல்லர். மருந்து கலப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த வில்பர் லிங்கன் ஸ்கோவில் என்னும் அமெரிக்கரே அவர்.

ஸ்கோவில் 1865 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆம் திகதி கனெற்றிக்கட் மாநிலத்தின் பிரிஜ்போட் நகரிற் பிறந்தார். மருந்தாக்கற் கலையைக் கற்றுத் தேர்ந்து, மசாசூசெற்ஸ் மருந்தாக்கற் கல்லூரியிற் பேராசிரியராகப் பணிபுரிந்தார். மருந்து கலக்கும் முறைகள் பற்றி 1895 இல் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகளைக் கண்டது. மிளகாய் எரிவுக்குப் பால் மாற்றாகும் என்ற குறிப்பும் அந்நூலில் உண்டு. எங்கள் வீடுகளில் உறைப்புக் கூடினால் தயிரோ மோரோ தருவதும் இதே காரணத்தினாலேயே பயன் தருகின்றது. எரிவை உண்டாக்கும் கப்சாயிசின் என்ற பதார்த்தம் நீரிற் கரைவது மிக அரிது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதமோ அதனைப் பற்றி நாவிலிருந்து அகற்றிவிடும். ஆகவே செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதாற் பெரும் பயன் இல்லை.

பின்னர் அவர் டிட்ரோயிற் நகரிலிருந்த பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்திற் சேர்ந்தார். தசைநோவுக்குப் பூசும் மருந்துகளில் மிளகாய்ச் சாறு சேர்க்கப்பட்ட காலம் அது. சாறு குறைந்தால் மருந்து வேலை செய்யாது. கூடினால் நோயாளியின் தோல் எரியும். மிளகாயோ மூட்டைக்கு மூட்டை வேறுபட்டது. அக்கால இரசாயனச் சோதனைகளால் அவ்வேறுபாட்டை நுட்பமாகப் பிரித்தறிய இயலவில்லை. எனவே ஸ்கோவில் மனித நாவையே கருவியாக்கினார்.

1912 இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. நிறுத்தெடுத்த மிளகாய்த் தூளை மதுசாரத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்தார். அவ்வடியைச் சீனி கலந்த நீரிற் சிறிது சிறிதாக ஐதாக்கி, உறைப்பு மட்டுமட்டாக நாவிற் படும் நிலையைக் கண்டார். எத்தனை மடங்கு ஐதாக்கப்பட்டதோ அந்த எண்ணே அம்மிளகாயின் உறைப்பு. ஜப்பான், சன்சிபார், மொம்பாசா மிளகாய்களை இவ்வாறு ஒப்பிட்டபோது, மொம்பாசா மிளகாயே அதிக உறைப்புடையதாக இருந்தது. தூய கப்சாயிசினின் அளவு ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் அலகுகள் எனப் பிற்காலத்திற் கணிக்கப்பட்டது.

நாவு இத்துணை நுட்பமாக உணர்வது எங்ஙனம்? விடை ஸ்கோவில் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே கிடைத்தது. 1997 இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் நரம்பு முனைகளில் உள்ள ஒரு வாங்கியை இனங்கண்டனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் திறக்கும் அவ்வாங்கியைக் கப்சாயிசினும் திறக்கின்றது. வாயிற் சூடு பட்டதாக மூளை எண்ணிக்கொள்கின்றது. சுருவிலிலே ஒடியற்கூழ் குடிப்பவரின் நெற்றி வியர்ப்பதும், முகம் சிவப்பதும், மூக்கும் கண்ணும் ஒழுகுவதும் இதனாலேயாம். கூழ் ஆறியிருந்தாலும் உடல் சூட்டைத் தணிக்கும் வேலையைத் தொடங்கிவிடும். மாணவர்களே, விஞ்ஞான வினாத்தாளில் உறைப்பைச் சுவைகளுள் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். அது சுவையரும்புகளின் வேலையன்று. நோவையும் வெப்பத்தையும் கடத்தும் நரம்புகளின் வேலை. இவ்வாய்வுக்காக ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்கோவிலின் முறையிற் குறையும் உண்டு. மீண்டும் மீண்டும் உறைப்புப் பட்ட நரம்பு மரத்துப்போகும். ஆதலால் ஒருவர் அடுத்தடுத்துப் பல மாதிரிகளைச் சுவைத்துச் சரியான முடிவு கூற முடியாது. செத்தல் மிளகாய்க் குழம்பிலே வளர்ந்தவரும் உறைப்பே அறியாதவரும் ஒரே கரைசலுக்கு ஒரே எண்ணைச் சொல்லப்போவதில்லை. இதனைச் சமாளிக்கவே பிற்காலத்தில் ஐவர் கொண்ட குழு சுவைத்து, அவர்களில் மூவரேனும் உடன்பட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

அமெரிக்க மருந்தாக்கற் சங்கம் 1922 இல் அவருக்கு ஈபர்ட் பரிசை வழங்கியது. 1929 இல் ரெமிங்டன் பதக்கமும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கௌரவக் கலாநிதிப் பட்டமும் கிடைத்தன. 1942 மார்ச் 10 ஆம் திகதி புளோரிடாவிற் காலமானார். இன்று ஆய்வுகூடங்களில் திரவ நிறப்பதிவியற் கருவி கப்சாயிசினை நேரடியாக அளக்கின்றது. ஆயினும் கருவி தரும் பெறுமானத்தை 16 ஆற் பெருக்கி, ஸ்கோவில் அலகாக மாற்றியே எழுதுகின்றனர்.