வானத்துக் கூரையை அளந்தவர் – சிசிர் குமார் மித்ரா



எங்க வீட்டுப் பரணில் தாத்தாவோட பழைய ரேடியோ ஒண்ணு இருக்கு. பகலில் கேட்காத தூரத்து ஸ்டேஷன்கூட ராத்திரியில் நம்ம பெண்ணாடத்தில் நல்லா கேட்குமாம். ஏன்னு கேட்டேன். தாத்தாவுக்குத் தெரியவில்லை. அதைத் தேடிப் படிக்கும்போதுதான் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

சிசிர் குமார் மித்ரா 1890 அக்டோபர் 24 அன்று வங்காளத்தில் பிறந்தார். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். குடும்பத்தைத் தாங்கியது அம்மா சரத்குமாரி. அந்தக் காலத்திலேயே மருத்துவம் படித்து, பாகல்பூரில் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவர் சம்பாத்தியத்தில்தான் மகன் காலேஜ் படித்தார். இந்த அம்மாவைப் பற்றியே தனியாக ஒரு தாள் எழுதலாம்!

மித்ரா கல்கத்தாவில் நம்ம சர் சி.வி. ராமனோடு ஒளியைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு பாரிஸ் போய் 1923-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே இருந்தபோது ரேடியோ மேல் ஆசை வந்துவிட்டது. திரும்பி வந்து கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரேடியோ பாடத்தைத் தொடங்கினார்.

தரையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே, சூரிய ஒளி காற்றில் இருக்கும் அணுக்களை உடைத்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடும். அதுதான் அயனி மண்டலம். பகலில் அதன் அடி அடுக்கு ரேடியோ அலையை விழுங்கிவிடும். ராத்திரி அந்த அடுக்கு மறைந்துபோகும். அப்போது அலை இன்னும் மேலே போய், கூரையில் பட்ட பந்து மாதிரி திரும்பி வரும். தாத்தா ரேடியோ ரகசியம் இதுதான்!

சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் E என்ற அடுக்கு இருக்கு. அதற்கு 1930-ல் கல்கத்தாவில் இருந்தே சோதனை செய்து ஆதாரம் காட்டியது மித்ராவின் குழு. அலை அங்கே போய் வர ஒரு நொடியில் சுமார் 1500-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை அளப்பது என்றால் சும்மாவா!

உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த அளவுகளைச் சேர்த்து, மேல் வளிமண்டலம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1947-ல் வெளிவந்தது. 3 வருஷத்தில் 2000 பிரதிகள் விற்றன. ரஷ்ய மொழியிலும் வந்தது. அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூட கிடையாது.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. மேலே எவ்வளவு எலக்ட்ரான் இருக்கும் என்று முதலில் ஒரு கணக்குப் போடும். செயற்கைக்கோள் அளந்து அனுப்புவதோடு ஒப்பிட்டு, அப்பப்ப திருத்தும். அம்மா குழம்பில் உப்புப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பாங்களே, அது மாதிரி. அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துவதாலும் சில நேரம் போன் மேப்பில் நம்ம புள்ளி தள்ளி நிற்கிறது. நம் நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அயனி மண்டலம் ரொம்பவே மாறும். கணக்குப் போடுவதும் கஷ்டம்.

மித்ரா 1963 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். மேல் வளிமண்டலத்தை ஆராய, தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் அதே வருஷம் நவம்பர் 21 அன்று கிளம்பியது. இன்னும் மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் அவர் அதைப் பார்த்திருப்பார்.