வீடு தேடிச் சென்ற மேரி ரிச்மண்ட் அம்மையார்

ஏழை வீட்டு வாசலில் நின்று ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது எளிது. அந்த வீட்டில் அரிசி ஏன் தீர்ந்தது என்று பொறுமையுடன் அறிவது அரிது. அந்த அரிய பணிக்கு முறை வகுத்துத் தந்தவர் மேரி ரிச்மண்ட் அம்மையார்.

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இழந்து, பால்டிமோர் நகரில் பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். கல்லூரியில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கணக்கெழுதிப் பிழைத்தவர், 1889-இல் அந்நகரின் தரும உதவிச் சங்கத்தில் துணைப் பொருளாளராகச் சேர்ந்தார். வறியோர் இல்லங்களுக்கும் சென்று வந்தார்.

அக்காலத்தில் உதவி கேட்டு வந்தவர்களைத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது வழக்கமாயிருந்தது. நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று கண்ட அம்மையார், 1897-இலேயே சமூக ஊழியருக்கென ஒரு பள்ளி தேவை என்று வலியுறுத்தினார். 1900-இல் பிலடெல்பியாவிலும், 1909 முதல் நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் அறநிறுவனத்திலும் பணியாற்றினார்.

பல நகரங்களின் குடும்பப் பதிவேடுகளை ஆராய்ந்து 1917-இல் அவர் வெளியிட்ட நூல் ‘சோஷியல் டயக்னோசிஸ்’. மருத்துவர் நாடி பார்த்தே மருந்து கொடுப்பதுபோல், சமூக ஊழியரும் நிலையை அறிந்தே உதவ வேண்டும் என்பது அதன் சாரம். குடும்பத்தார், உறவினர், ஆசிரியர், மருத்துவர், முதலாளி ஆகியோரிடம் விசாரிக்க வேண்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வேறுபடுத்த வேண்டும். அதன் பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

நம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிலாளி வேலைக்குப் போகாமல் திண்ணையில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். சோம்பேறி என்று ஊர் சொல்லும். அருகில் அமர்ந்து கேட்டால், சுண்ணாம்புக் குழியில் புண்ணான கைகளும், தூசியால் வந்த இளைப்பும், கடனை அடைக்கப் பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் மகளும் தெரியவரலாம். அந்த வீட்டுக்கு அரிசி ஒரு நாளைக்கு உதவும். மருத்துவமும் மகளின் படிப்பும் ஒரு தலைமுறையைக் காக்கும்.

1928-இல் அம்மையார் மறைந்தார். 1936-இல் பம்பாயிலும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையிலும் சமூகப் பணிப் பள்ளிகள் தோன்றின. தனி மனிதரை அவரது சூழலோடு சேர்த்து அறியும் கலை அங்கே பாடமாயிற்று.

வீடு சந்திக்கச் செல்லும் நம் பங்குச் சபையினரும் இளைஞரும் இதை மனத்தில் கொள்வது நன்று. கொடுக்கும் கைக்கு முன்னே கேட்கும் செவி செல்லட்டும்.