திருக்கணிதமா, வாக்கியமா? 150 வருட சண்டையின் நடுவில் நின்ற ரகுநாதாச்சாரி

இதுவரை குலசை என்றாலே முத்தாரம்மன் கோயில் தசராதான். 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு, குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஊராகவும் ஆகிவிட்டது. இங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாம், நேராகத் தெற்கே கடல் மேலே போகலாம். அப்படிப் போகும் செயற்கைக்கோள் இரு துருவங்களையும் தாண்டித் திரும்பி வரும். தட்டையான பூமியில் அது நடக்காது. ஆனாலும் பூமி தட்டை என்று வாதாடும் வீடியோக்கள் யூடியூபில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த மாதிரி வாதத்தை அந்தக் கால மெட்ராஸில் பொறுமையாக எதிர்கொண்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவருக்கு வாய்த்த எதிராளிகள் இன்னும் கொஞ்சம் கஷ்டமானவர்கள்.

ஏன்? பூமி உருண்டை என்பதும், கிரகணம் வெறும் நிழல் என்பதும் ஆரியபட்டர் காலத்திலிருந்தே, அதாவது கி.பி. 499-லிருந்தே, நம் சித்தாந்த நூல்களில் இருக்கிறது. பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு இது தெரியும். ராகு விழுங்கும் கதை ஒரு பக்கம், நிழல் கணக்கு ஒரு பக்கம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில்: அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடமான வாக்கியங்களைப் பார்த்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிப்பார்கள். உண்மையிலேயே அசத்தல் திறமை அது. 1825-ல் ஒரு சந்திர கிரகணத்துக்கு அப்படிப் போட்ட கணக்கை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு. முடிவில் 52 நிமிடம்!

விரதம், திதி, தர்ப்பணம் எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான் நடந்தன. அதனால் இது சும்மா அறிவியல் சர்ச்சை இல்லை.

ரகுநாதாச்சாரி நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வேலை பார்த்தவர். நார்மன் போக்சன் தலைமையில் முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். 1867-ல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில், ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை இப்போதைய தெலங்கானாவின் வனபர்த்தியிலிருந்து கவனித்தார். (பின்னாளில் ஹீலியம் என்று பெயர் வாங்கிய தனிமத்தின் தடயம் தெரிந்தது அந்தக் கிரகணத்தில்தான்.) 1871-ல் அடுத்த முழு கிரகணம் வந்தபோது அவிநாசியில் இருந்தார். மறு ஆண்டே லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு பெயர் வாங்கியவர் பண்டிதர்களைக் கிண்டலடித்து ஒதுங்கியிருக்கலாம். அவர் உட்கார்ந்து பேசினார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், அதை விளக்கித் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு நூல் போட்டார். வடிவம் உரையாடல்: பண்டிதர் சந்தேகம் கேட்பார், வானியலாளர் விளக்குவார். பண்டிதரை முட்டாளாக்கும் ஐரோப்பியத் தொனி அதில் கிடையாது. பழைய வானியலாளர்களே பார்த்துத் திருத்தச் சொன்னவர்கள்தானே என்பதுதான் அவருடைய வலுவான வாதம். ஐரோப்பிய நாட்டிகல் அல்மனாக் கணக்கைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். ‘திருக்’ என்றால் கண்ணால் காண்பது. பச்சையப்பன் மண்டபத்தில் பேசும்போது, நம்மவர்களுக்கென்று ஒரு வானாய்வகம் அமைக்க நிதி கேட்டார்.

1880 பிப்ரவரி 5-ல் இறந்தார். அவர் பஞ்சாங்கத்தைத் திருத்தினார், ஆனால் பழையதை ஒழிக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் வாட்ஸ்அப்பில் இரண்டு தேதி வருவது அதனால்தான். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29-ல். அன்று திருநள்ளாறு கோயிலில் சனிப்பெயர்ச்சி விழா இல்லை. அங்கே வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதன் கணக்குப்படி சனிப்பெயர்ச்சி 2026-ல்.