எழுத்தால் ஒரு நாட்டுக்கு முகவரி தந்தவர்

அரசியல் விடுதலை பெற்ற நாடு அறிவுலகிலும் உடனே விடுதலை பெற்றுவிடுவதில்லை. பிரிட்டனின் ஆட்சியை உதறிய அமெரிக்க மக்கள், அதன் பின்னும் பல்லாண்டுக் காலம் ஆங்கிலேயர் எழுதிய நூல்களையே விரும்பிப் படித்தனர். அயல்நாட்டு நூல்களுக்கு அங்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, ஆசிரியர்க்கு ஏதும் வழங்காமல் அவற்றை மலிவாக அச்சிட்டு விற்பது பதிப்பாளர்க்கு எளிதாயிற்று. இந்நிலையில் சொந்த நாட்டு எழுத்தாளன் எழுதிப் பிழைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் வாஷிங்டன் இர்விங். அவரைப் பற்றி நாம் இங்குக் காண்போம்.

1783 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரின் வணிகக் குடும்பமொன்றில் பதினொன்றாம் மகவாக இர்விங் பிறந்தார். விடுதலைப் போர் முடிவுற்ற ஆண்டு அது. படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரையே பெற்றோர் மகனுக்குச் சூட்டினர். அவர் சட்டம் பயின்றாராயினும் உள்ளம் எழுத்தையே நாடிற்று. 1809இல் அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த மெட்டில்டா ஹாஃப்மன் நோயுற்று மறைந்தார். இர்விங் இறுதிவரை மணம் புரியவில்லை.

1815இல் லிவர்பூல் சென்று உடன்பிறந்தாரின் வணிகத்துக்குத் துணை நின்றார். 1818இல் அவ்வணிகம் நொடித்துப்போயிற்று. தாயகத்தில் அரசுப் பணியொன்று கிடைக்கும் வாய்ப்பிருந்தும், அதனை மறுத்து எழுத்தையே தொழிலாக ஏற்றார். அத்துணிவின் விளைவே 1819, 1820ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஸ்கெட்ச் புக்'. அமெரிக்கர் ஒருவரின் நூலை இங்கிலாந்தும் போற்றிப் படித்தது.

அந்நூலில் வரும் ரிப் வான் விங்கிள் மலையில் உறங்கி, இருபது ஆண்டுகள் கழித்து விழிக்கிறான். சத்திரத்தின் பலகையிலிருந்த மன்னர் ஜார்ஜ், தளபதி வாஷிங்டனாக மாறியிருக்கக் கண்டு திகைக்கிறான். செருமானிய நாட்டுப்புறக் கதையின் கருவை ஹட்சன் ஆற்றங்கரைக்குக் கொணர்ந்து, ஒரு நாடு பிறந்த வியப்பை இர்விங் அதில் அடக்கிவிட்டார்.

அதே நூலில், மண்ணின் தொல்குடியினர்க்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குறித்தும் அவர் வருந்தி எழுதினார். எனினும் 1830இல் அம்மக்களை மேற்கே பெயர்க்கும் சட்டம் பிறந்தது. 1836இல் இர்விங்கே, ஆஸ்டர் என்னும் செல்வரின் மென்மயிர்த்தோல் வணிகத்தைப் புகழ்ந்து 'அஸ்டோரியா' எழுதினார். நாட்டின் வளர்ச்சி யாருடைய நிலத்தில் நிகழ்ந்தது என்பதை அவர் அறிவார். ஆயினும் அவ்வளர்ச்சியின் கவர்ச்சியிலிருந்து அவரும் தப்பவில்லை. இதனையும் நாம் மறைத்தலாகாது.

1829இல் கிரனாடாவின் அல்ஹம்பரா அரண்மனையில் சில திங்கள் தங்கினார். பேணுவாரற்றுச் சிதைந்துகொண்டிருந்த அம்முஸ்லிம் கலைக்கோயிலை 1832இல் வெளியான தம் நூலால் உலகின் கண்முன் நிறுத்தினார். பின்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையையும் எழுதி 1849இன் இறுதியில் வெளியிட்டார். அதன் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவையல்ல. எனினும், வெற்றிக்குப் பின்னும் மாறாத நபிகளாரின் எளிமையை அவர் மதிப்புடன் பதிவு செய்துள்ளார்.

தம் பெயருக்குரிய தலைவரின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதி முடித்த 1859ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 28ஆம் நாள் இர்விங் மறைந்தார். எழுத்தை நம்பியும் வாழலாம் என்னும் துணிவை அவர் பின்வந்த அமெரிக்க எழுத்தாளர்க்கு வழங்கிச் சென்றார். தம் ஊரின் ஆற்றையும் மலையையும் எழுதத் தகுந்தனவாகக் கண்ட அப்பார்வை, எழுத விழையும் நம் மாணவர்க்கும் உரியதாகுக.