யோகான் ஹைன்ரிக் பெஸ்டலோசி

யோகான் ஹைன்ரிக் பெஸ்டலோசி (ஜனவரி 12, 1746 - பெப்ரவரி 17, 1827) சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியியலாளர் ஆவார். சிறுவர்களுக்குக் கற்பித்தலை, பயின்று தேர வேண்டிய தொழிலாகவும் ஆய்வுக்குரிய துறையாகவும் வளர்த்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கை

சூரிச்சில் பிறந்த இவர், ஐந்தாம் வயதில் தந்தையை இழந்தார். 1774 இல் தமது நொய்ஹோப் பண்ணையில் ஏழைச் சிறுவர்களைச் சேர்த்து நூற்பு, நெசவு ஆகியவற்றோடு எழுத்தும் கற்பித்தார். கடன் மிகுந்து 1780 இல் அது மூடப்பட்டது.

1798 இல் பிரெஞ்சுப் படையின் தாக்குதலால் ஸ்டான்ஸ் பகுதியில் பல குழந்தைகள் பெற்றோரை இழந்தனர். அவர்களுக்கான இல்லத்தை இவர் ஏற்று நடத்தினார். ஏறத்தாழ எண்பது குழந்தைகளுக்கு ஆசிரியரும் செவிலியும் இவரே. சில மாதங்களில் அக்கட்டடம் படை மருத்துவமனையாக்கப்பட்டது.

கல்வி முறை

பின்னர் புர்க்டோர்ப் கோட்டையில் பள்ளியுடன் ஆசிரியர் பயிற்சியையும் தொடங்கினார். பொருளை முதலில் கண்டும் தொட்டும் அறிந்த பின்னரே சொல்லைக் கற்க வேண்டும் என்பது இவரது கொள்கை. எண், வடிவம், சொல் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு பாடங்களைச் சிறு படிகளாகப் பிரித்தார். அதுவரை மனப்பாடமும் பிரம்புமே பெரும்பாலான பள்ளிகளின் முறையாக இருந்தன.

1805 முதல் இவெர்டோன் நகரில் இவர் நடத்திய பள்ளிக்குப் பிரஷ்ய அரசு இளம் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. மழலையர் பள்ளியை உருவாக்கிய புரோபெலும் 1808 முதல் 1810 வரை இங்கிருந்தார். பிறருக்கு முறை வகுத்தளித்த இவருக்குத் தம் பள்ளியின் நிருவாகம் கைவரவில்லை. உதவியாளர்களின் பூசலாலும் பணமுடையாலும் 1825 இல் பள்ளி மூடப்பட்டது. புருக் நகரில் காலமான இவரது உடல், பிர் என்னும் ஊரில் பள்ளிக்கூடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.