கிண்டியில் பிறந்த வரைபடம்: ஜி.என்.ராமச்சந்திரன்

மூட்டு வலிக்குக் கொலாஜன் பொடி சாப்பிடுங்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு விளம்பரம் சுற்றி வருகிறது. பொடி பலன் தருமா என்பதை டாக்டர்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் கொலாஜன் என்ற அந்தப் புரதம் மூன்று இழை சேர்ந்து முறுக்கிய கயிறு போன்றது என்று உலகுக்கு முதலில் சொன்னவர்கள், நம் கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினர். அதை நடத்தியவர் ஜி.என்.ராமச்சந்திரன். உலகம் முழுவதும் உயிரியல் மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். சென்னைவாசிகளில்தான் பலருக்குத் தெரியாது.

பூர்வீகம் நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரம். பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பிறகு முதல்வர். வீட்டிலேயே கணக்கு பழகிய பையன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்து மாகாணத்தில் முதலிடம் பெற்றார். மகன் ரயில்வே இன்ஜினியரிங் சர்வீஸில் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தேர்வு எழுத டெல்லிக்குப் போன மகன், வேண்டுமென்றே சுமாராக எழுதிவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். நம் வீடுகளிலும் இது நடக்காத கதையல்ல!

1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி.ராமன். இந்தப் பையனை மின் பொறியியலில் வைத்திருப்பது வீண் என்று முடிவு செய்து, தன் துறைக்கே இழுத்துக்கொண்டார். ராமனிடம் ஆய்வு செய்து டி.எஸ்சி. பட்டம், பிறகு கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டு, அங்கே ஒரு பிஎச்.டி. 1949-இல் திரும்பி வந்து பெங்களூரிலேயே ஆசிரியர் பணி.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்க்க நினைத்த துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார், முதலில் ராமனைத்தான் கேட்டார். ராமன் தன் மாணவரின் பெயரைச் சொன்னார். இப்படித்தான் முப்பது வயது நிரம்புவதற்குள் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டிக்கு வந்து சேர்ந்தார் ராமச்சந்திரன்.

எதை ஆராய்வது என்ற கேள்வி இருந்த சமயத்தில், இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னது ராமச்சந்திரன் மனதில் தைத்துவிட்டது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் ஆதாரமான புரதம் அது. தோல் என்றால் கொலாஜன்தானே? அதற்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, அடையாறில். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை வைத்து எக்ஸ்ரே படங்கள் எடுத்தார்கள். கோபிநாத் கர்த்தா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, மூன்று இழை கொண்ட மாதிரியை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்கள். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பது ஏன் என்பதும் இதில் விளங்கியது. கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை!

சிக்கலும் உடனே வந்தது. டி.என்.ஏ. அமைப்பால் புகழ்பெற்றிருந்த பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவரோடு சேர்ந்து அதே 1955-இல் கொலாஜனுக்குத் தன் மாதிரியை வெளியிட்டார். முறுக்கிய கயிறு என்ற அடிப்படை சரிதான், ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதிலும் வேறுபாடு. கேம்பிரிட்ஜ் சொல்வதற்கு அன்று இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள். எந்தச் சிறு ஆய்வுக்கூடமும் சோர்ந்துபோயிருக்கும்.

பிணைப்புகள் விஷயத்தில் கிரிக்-ரிச் கணக்கே பிறகு நிலைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ராமச்சந்திரன் அந்தச் சண்டையிலேயே நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்று யார் தீர்மானித்தது என்று கேட்டார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் தோண்டியெடுத்து, உண்மையில் அணுக்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். அது என்னவென்று நம் ஃபிளாட் சமையலறையை வைத்தே புரிந்துகொள்ளலாம். மூலையில் அடுத்தடுத்து இரண்டு அலமாரிக் கதவுகள் இருக்கின்றன. ஒன்றை முழுவதும் திறந்தால் மற்றது இடிக்கும். இரண்டையும் எந்தெந்தக் கோணத்தில் திறந்தால் இடிக்காது என்று ஒரு தாளில் குறிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு கதவின் கோணம் படுக்கை வாட்டில், மற்றதன் கோணம் செங்குத்தில். இடிக்கிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது அனுமதிக்கப்பட்ட பகுதி. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இப்படிச் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகள் உண்டு. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு வரைபடத்தில் கால் பங்குக்கும் குறைவான இடமே அனுமதிக்கப்பட்டது என்று தெரிந்தது.

வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து இதை 1963-இல் வெளியிட்டார். இன்றைய கம்ப்யூட்டர் வசதி கிடையாது. கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அணுக்களுக்கு இடையிலான தூரங்களை மேஜைக் கணக்கு இயந்திரத்தில் போட்டுப் பார்த்த உழைப்பு அது. புரதங்களின் அமைப்பு ஓரிரண்டே தெரிந்திருந்த காலத்தில் போட்ட கணக்கு, பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் பொருந்தியது. இன்று எங்கே யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். தப்பான இடத்தில் புள்ளி விழுந்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

1963-லும் 1967-லும் அவர் கூட்டிய மாநாடுகளுக்கு வெளிநாட்டுப் பெரும் விஞ்ஞானிகள் சென்னைக்கே வந்தார்கள். ஆனால் லட்சுமணசாமி முதலியார் 1969-இல் பதவி விலகியபின், இவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துவரவில்லை. மறு ஆண்டு சென்னையை விட்டுப் போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சில காலம், பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கி அங்கே பல காலம். சென்னை அவரைத் தக்கவைத்திருக்கலாம் என்ற வருத்தம் இந்தக் கதையைப் படிக்கும்போது வராமல் இருக்காது.

போகும்போதும் ஒரு காரியம் செய்தார். ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் ஒரு கட்டுரை. பல திசையிலிருந்து எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளே இருப்பதன் உருவத்தை வேகமாகக் கணக்கிடும் வழி அதில் இருந்தது. வானியலில் இதைப் போன்ற முறை சற்று முன்னரே வந்திருந்தாலும், எக்ஸ்ரேக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். சி.டி. ஸ்கேன் மெஷின்களில் பல ஆண்டுகள் ஓடியது இந்த வகைக் கணக்குதான். ஸ்கேனுக்கான 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1961-இல் பட்நாகர் விருது, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1999-இல் படிகவியலின் உயர்ந்த அங்கீகாரமான எவால்ட் பரிசு. கடைசிப் பரிசு வரும்போது அவர் பார்க்கின்சன் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1945-இல் கைப்பிடித்த மனைவி ராஜலட்சுமி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். 2001 ஏப்ரல் 7 அன்று, சென்னையில், 78-ஆவது வயதில் ராமச்சந்திரனும் மறைந்தார். அவர் கிண்டியில் தொடங்கிவைத்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை அதே வளாகத்தில் இன்றும் இயங்குகிறது.